மன்னித்ததை மறந்தவன்

ஃபலேமாலு, சவாயீ தீவு
9 ஜூன் 1985

அன்புத் தங்கை ஃபியாசிலிக்கு அண்ணன் பெசமினோ எழுதுவது.

கர்த்தர் தயவில் என் உடம்புக்குக் குறைவில்லை. உனக்கும் மாப்பிள்ளை மட்டாயோவுக்கும் ஆக்லாந்துக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

போன வாரம் நீ தபாலாபீசுக்குப் போன் செய்து என்னோடு பேசியதாக லேமனா பெரியப்பா சொன்னார். அரைமணி நேரம் பேசிச் சிரித்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அதனால் இனிமேல் கடிதமே எழுது. காலையில் நடந்தது விளக்கு வைக்கும் நேரத்தில் என்னிடம் இருப்பதில்லை. காகிதத்தில் இருந்தால் மறுநாளும் இருக்கும். உன் கடிதங்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் எடுத்துப் படிக்கிறேன்.

பழையதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. நீ ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்தது, நானும் சியெனியும் கல்யாணம் முடிந்து தேங்காய் லாரியில் ஏறி வந்தது எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் கிலிகிட்டிப் பந்தாட்டத்துக்கு மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினேன். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

காலையில் எழுந்ததும் சியெனியைக் கூப்பிடுகிறேன். பதில் வராமல் முற்றத்துக்குப் போனால் அங்கே சிமெண்டுக் கல்லறையில் அவள் பெயர் இருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான். நான் அழுதபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

அவளை அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்கிறார்கள். யார் என்று கேட்டால், "ஜெபம் முடியட்டும்பா, பேசலாம்" என்கிறார் பெரியப்பா. ஜெபம் முடிவதற்குள் கேட்டதே எனக்கு மறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். என் நோட்டில் ஒரு பக்கத்தை யாரோ கிழித்திருக்கிறார்கள். நீயாவது சொல், ஃபியாசிலி.

உன் அண்ணன்
பெசமினோ


ஓட்டாரா, ஆக்லாந்து
2 ஜூலை 1985

என் அண்ணனுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி நோய் போன மாதிரி இருந்தது. நாங்கள் நலம். மட்டாயோவுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு இன்னும் அதே வேலைதான். நாள் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வெளியே வந்தால் எலும்பு வரை குளிர்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். 1983 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நம் ஊருக்கும் பக்கத்து வைசினாவுக்கும் ஆட்டம். ஓட்ட எண்ணிக்கையில் தகராறு வந்து இரண்டு பக்கமும் மட்டையைத் தூக்கிவிட்டார்கள். ஓர் அடி சியெனி மேல் விழுந்தது, அடுத்தது உன் தலையில். அவள் அங்கேயே போய்விட்டாள். உன்னைப் படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். எனக்கு அப்போது இங்கே தங்கும் காகிதம் சரியில்லை. கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள் என்று பயந்து அவள் அடக்கத்துக்குக்கூட நான் வரவில்லை.

யார் என்பதை விட்டுவிடு அண்ணா. நீ பதற்றப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? தோட்டத்தை யார் பார்க்கிறார்கள்? அதை எழுது.

பாசமுள்ள
ஃபியாசிலி


ஃபலேமாலு
28 ஜூலை 1985

தங்கை ஃபியாசிலிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். மாப்பிள்ளைக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், நெஞ்சில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடு.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வைசினாவிலிருந்து ரொபாட்டி தினமும் காலையில் வருகிறான். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஊர் ஆட்டக்காரன், இடதுகையால் விளாசுவானே, அவன்தான். ஏப்ரலிலிருந்து வருகிறான் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். சேப்பந்தோட்டம் முழுக்க களை எடுத்துவிட்டான். மழையில் சாய்ந்த சமையல் கொட்டகையைத் தனி ஆளாக நிமிர்த்தினான். கோக்கோ காய்ச்சி நாங்கள் இருவரும் குடிக்கிறோம். அவன் முதலில் என் கோப்பையில் ஊற்றுவான், நான் பாதி குடித்த பிறகுதான் தனக்கு ஊற்றிக்கொள்வான்.

இன்று அவனைக் கேட்டேன். "ஏன்டா, உங்க வீட்ல உனக்கு வேலையே இல்லையா?"

"இருக்கு அண்ணே. இதுவும் என் வேலைதான்" என்றான்.

நல்ல பிள்ளை. சிரிப்பது மட்டும் இல்லை.

நீ எழுதியதைத் தினமும் படிக்கிறேன். அடி விழுந்தது என்று எழுதினாயே தவிர யார் அடித்தது என்று எழுதவில்லை. அடி தானாகவா விழும்? தங்கை என்பவள் அண்ணனுடைய கண்மணி என்பது நம் பாட்டன் காலத்து வாக்கு. என் கண்ணே எனக்கு மறைத்தால் நான் எதை வைத்துப் பார்ப்பேன்?

அண்ணன்
பெசமினோ


ஓட்டாரா
14 ஆகஸ்ட் 1985

அண்ணா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். எனக்குச் சுகமில்லை. உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. வேலையில் ஒரு மூட்டை வண்ண விரிப்பை வெளுப்பு மருந்துத் தொட்டியில் போட்டுவிட்டேன். மேற்பார்வைக்காரி கத்தினாள், என் காதில் விழவே இல்லை.

அவன்தான் அண்ணா. தினமும் வருகிறானே, அந்த ரொபாட்டி. சியெனியை அடித்தவன் அவன், உன் தலையைப் பிளந்தவனும் அவன். ஒன்றரை வருஷம் உள்ளே இருந்துவிட்டு ஏப்ரலில் வெளியே வந்திருக்கிறான். அவன் விடுதலையானதையே எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊரே வாயை மூடிக்கொண்டு உன்னை அவன் கையால் குடிக்க விட்டிருக்கிறது.

சியெனியும் நானும் பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள். "உன் அண்ணனைக் கட்டி வைடி, உன் சண்டையெல்லாம் நான் போடறேன்" என்பாள். அவள் வாங்கிய பானையில் அவள் அடுப்பில் அவன் கோக்கோ காய்ச்சுகிறான்.

இன்னதைச் செய் என்று நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை யார் கையிலும் கொடுக்காதே.

ஃபியாசிலி


ஃபலேமாலு
10 செப்டம்பர் 1985

தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

உன் கடிதத்தை இன்று படித்தேன். முன்பும் படித்திருக்கிறேன் போல, மடிப்பெல்லாம் தேய்ந்திருக்கிறது. வெட்டுக்கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தேன். அவன் விறகோடு வந்தான். கத்தியைப் பார்த்தான். விறகைக் கீழே போட்டுவிட்டு முற்றத்தில், கல்லறைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டான்.

"நீதானாடா?" என்றேன்.

"நான்தான் அண்ணே. இதோட பதினோரு நாளா கேக்கறீங்க. பதினோரு நாளும் இதையேதான் சொல்றேன்."

"அப்புறம் ஏன்டா நீ இன்னும் உயிரோட இருக்க?"

"நீங்கதான் விட்டீங்க."

பெரியப்பா ஓடி வந்தார். அவரும் அதையே சொன்னார். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த மறுநாள் விடியலில், அவர்கள் குடும்பத்து ஆட்கள் முப்பது பேர் நம் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டு நம் வீட்டு முன்னால் வந்து தலை குனிந்து உட்கார்ந்தார்களாம். ரொபாட்டி நடுவில், அவன் மேல் மெல்லிய நாரில் பின்னிய நுண்பாய் போர்த்தி. நம் ஆட்கள் கல்லும் கத்தியுமாக நின்றார்களாம். நான் தலையில் கட்டோடு இறங்கிப் போய் என் கையாலேயே பாயைத் தூக்கினேனாம். அதோடு பகை முடிந்ததாம். அப்புறம் அது எனக்கு மறந்துபோயிற்று. அடித்தவன் அவன்தான் என்று நோட்டில் படிக்கும்போதெல்லாம் கத்தியை எடுத்தேனாம், அதனால் நோட்டுப் பக்கத்தைக் கிழித்தது அவர்தானாம். உன் கடிதத்தையும் கேட்டார். தங்கை கடிதத்தை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ரொபாட்டியும், "இருக்கட்டும் பெரியவரே, தெரியாம அவர் என்கூட கோக்கோ குடிச்சப்பத்தான் எனக்குத் தொண்டையில எறங்கல" என்றான்.

மறப்பதற்குள் இதை எழுதுகிறேன். ஃபியாசிலி, அந்தப் பாயைத் தூக்கியவன் யார்? எனக்கு அவனைத் தெரியாது. ஏன் தூக்கினான் என்றும் தெரியாது. அவன் கொடுத்த வாக்குக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்? அவனுக்குக் கிடைத்த நிம்மதியில் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. எனக்குச் சியெனி ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் சாகிறாள்.

நீ சொல். அந்த மன்னிப்பு என்னுடையதுதானா? உன் வாக்கை நான் தட்டமாட்டேன்.

அண்ணன்


ஓட்டாரா
5 அக்டோபர் 1985

அண்ணாவுக்கு,

காய்ச்சலில் கிடந்தேன், அதனால்தான் தாமதம். மட்டாயோ தேறிவிட்டார். உன் தலைவலி எப்படி?

என்னை ஏன் கேட்கிறாய்? நான் அங்கே இல்லை. ஒருவன் தலை உடைந்து நிற்கும்போது நாலு பெரியவர்கள் சுற்றி நின்று வாங்கியதை மன்னிப்பு என்று சொல்லலாமா, எனக்குத் தெரியாது. சியெனியை யாராவது கேட்டார்களா?

வேறு எழுத முடியவில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் திருநாள். சபையில் எல்லோரும் வெள்ளை உடுத்துவார்கள். எனக்குப் போக மனமில்லை.

ஃபியாசிலி


ஃபலேமாலு
4 நவம்பர் 1985

ஃபியாசிலி,

முதலில் இதை எழுதிவிடுகிறேன், பிறகு நலம் கேட்கிறேன். இன்று காலை ரொபாட்டியை வெட்டிவிட்டேன்.

உன் இரண்டு கடிதங்களையும் படித்தேன். கடைசிக் கடிதத்தில், அது மன்னிப்பா என்று கேட்டிருக்கிறாய். இல்லை என்றுதான் எனக்குப் புரிந்தது. அவன் அடுப்பை ஊதக் குனிந்திருந்தான். நான் பின்னால் போனேன். சத்தம் கேட்டுத் திரும்பி இடது கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே விழுந்தது வெட்டு. வெள்ளையாக எலும்பைப் பார்த்தேன்.

அவன் கத்தவில்லை. இடுப்புத் துணியை அவிழ்த்துக் கையைச் சுற்றிக்கொண்டு, "படிச்சிட்டீங்களா அண்ணே?" என்றான். "சரி, கத்தியைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க."

பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கை தங்குமா தெரியவில்லை என்கிறார்கள். போலீஸ்காரர் வந்து என்னைப் பார்த்துவிட்டு, பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். புகார் கொடுக்க மாட்டேன் என்று ரொபாட்டி சொல்லிவிட்டானாம்.

பழி தீர்ந்தால் நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. முற்றத்துக்குப் போய், "முடிச்சிட்டேன் சியெனி" என்று சொன்னேன். அது எனக்கே ஒரு குழந்தை பொய் சொல்கிற மாதிரி கேட்டது. இதில் இன்னொன்று. விளக்கு வைக்கும் நேரத்தில் இதுவும் என்னிடம் இருக்காது. நாளைக்கு எழுந்து மறுபடியும் உன் கடிதத்தைப் படிப்பேன். மறுபடியும் கத்தியை எடுப்பேன். நான் செய்ததும் நிற்காது, செய்தேன் என்பதும் நிற்காது.

நீ சுகமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

பெசமினோ


ஓட்டாரா
20 நவம்பர் 1985

என் அண்ணனுக்கு,

நீ பத்திரமாக இருக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இதைப் பெரியப்பா பெயருக்கு அனுப்புகிறேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. இன்றைக்கு மட்டுமல்ல, தினமும் இதை முதலில் படி.

நான் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். அந்தப் பாயைத் தூக்கியவன் யார் என்று எனக்குத் தெரியும். ஏன் தூக்கினான் என்றும் தெரியும். அவன் அன்று மத்தியானமே எனக்கு எழுதினான். இரண்டு வருஷமாக அந்தக் கடிதம் என் துணிப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. நீ கேட்டபோது நான் அதை எடுத்து வெளியே வைத்தேன், பிறகு உள்ளே வைத்துவிட்டேன். காய்ச்சல் என்று எழுதியது பொய். சியெனி செத்ததற்கு யாராவது ஒருவன் முழுதாகக் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவளை அடக்கம் பண்ணும்போதுகூட வராதவள் நான். வேறு எதுவும் அவளுக்குச் செய்ய எனக்கு வழியில்லை என்று நினைத்தேன். அதற்கு உன் கையை எடுத்துக்கொண்டேன்.

அவன் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். அது உன் கையெழுத்து, நீயே பார்.

என் காகிதம் சரியாகிவிட்டது. டிசம்பர் பதினாலாம் தேதி விமானத்தில் வருகிறேன். நாம் இரண்டு பேரும் வைசினாவுக்குப் போக வேண்டும்.

உனக்குத் தங்கையாக இருக்கத் தவறிய
ஃபியாசிலி


(அதனுள் இருந்த கடிதம்)

ஃபலேமாலு
21 அக்டோபர் 1983

தங்கை ஃபியாசிலிக்கு,

நீ அங்கே எப்படித் தாங்கிக்கொண்டிருக்கிறாயோ. நான் உயிர் பிழைத்துவிட்டேன்.

தலைக்குள் வீக்கம் இருக்கிறது, நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம் என்றார் டாக்டர். இப்போதே நேற்றைக்கும் முந்தாநாளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆட்டம் நடந்த நாள் மட்டும் இன்னும் இருக்கிறது. அது போவதற்குள் உன்னிடம் எழுதி வைக்கிறேன்.

முதலில் மட்டையை ஓங்கியது நான். ரொபாட்டி எண்ணிக்கையைச் சொல்லிக் கேலி பண்ணினான், அவ்வளவுதான். நான் அவன் தம்பியின் தோளில் போட்டேன், அவன் விழுந்தான். இரண்டாவது தடவை ஓங்கியபோது சியெனி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். நான் உதறினேன். உதறியதில் அவள் எனக்கும் அவனுக்கும் நடுவில் போய்விட்டாள். அவன் என்னை நினைத்து வீசியது அவள் மேல் விழுந்தது. அவள் சொன்னபோது நான் மட்டையைப் போட்டிருந்தால் இன்று கோக்கோ காய்ச்சிக்கொண்டிருப்பாள்.

இன்று காலை அவன் பாய்க்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். அந்தப் பாய்க்குள் என்னையும்தான் பார்த்தேன். தூக்கிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதை நான் மறந்துவிட்டு என்றாவது அவன் உயிரைக் கேட்டால், இந்தக் கடிதத்தை எனக்குக் காட்டு. வேறு யாரிடமும் நான் இதைக் கொடுக்கவில்லை. நீதான் என் கண்.

அண்ணன்
பெசமினோ


ஓட்டாரா
18 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மட்டாயோ உன்னை விசாரித்தார். நீ கொடுத்தனுப்பிய கோக்கோ உருண்டையை அவர் யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

டிசம்பர் பதினேழாம் தேதி நடந்தது உனக்கு நினைவிருக்காது. அதைக் குறைக்காமல் எழுதுகிறேன். டின்னில் வைத்துக்கொள்.

வெளிச்சம் வருவதற்கு முன் வைசினாவில் ரொபாட்டி வீட்டு முன்னால் போய் உட்கார்ந்தோம். நம் குடும்பத்தில் இருபத்திரண்டு பேர். நடுவில் நீ. உன்னைத் தனியாக விடமாட்டேன் என்று நானும் உன்னோடு பாய்க்குள் வந்துவிட்டேன். பெரியப்பா முறைத்தார். கடிதம் எழுதினது நான்தானே என்றேன், விட்டுவிட்டார்.

பாய்க்குள் மூச்சு முட்டியது. கொஞ்ச நேரத்தில் நீ என் காதில் கேட்டாய். "ஃபியாசிலி, எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

"நீ ரொபாட்டியை வெட்டிட்ட அண்ணா. அவன்தான் சியெனியை அடிச்சவன்னு நான் எழுதினேன். மத்ததை எழுதாம மறைச்சேன். அதனால வெட்டின."

நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். இப்போதெல்லாம் உனக்கு முன்பைவிடச் சீக்கிரம் மறந்துவிடுகிறது, அழுகை நின்றதும் மறுபடியும் கேட்டாய். "எதுக்கு உக்காந்திருக்கோம்?" வெயில் முதுகில் ஏறும் வரை ஒன்பது தடவை கேட்டாய். ஒன்பது தடவையும் நான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் உனக்கு அது முதல் தடவை. எனக்குத்தான் கூடிக்கொண்டே போயிற்று. நான்காவது தடவைக்கு மேல் "நான் மறைச்சேன்" என்பதை முதலில் சொன்னேன்.

வெளியே ஆட்கள் கூடியது கேட்டது. ஒரு கல் வந்து பெரியப்பா காலடியில் விழுந்தது. அவர் அசையவில்லை. பிறகு யாரோ அதட்டினார்கள், அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு பாயைத் தூக்கியது ரொபாட்டியின் அம்மா. அவன் அவளுக்குப் பின்னால் நின்றான். கையை வெட்டி எடுக்கவில்லை, தைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்று விரல் மடங்காது. இனி அவன் மட்டை பிடிக்க முடியாது.

நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாய். அவனைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. தினமும் பார்க்கிறவனைப் பார்த்தது போல நேராக அவனிடம் போனாய்.

"என்னடா ஆச்சு கைக்கு?"

ரொபாட்டி என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"வெறகு வெட்டும்போது பட்டுடுச்சு அண்ணே."

"பாத்து வெட்டக் கூடாதாடா?" என்று அவனைத் திட்டினாய். கட்டுப் போட்ட கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அவன் அம்மா மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். உன்னிடம் உண்மையைச் சொல்ல அங்கே என்னைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பாய்க்குள் ஒன்பது தடவை சொன்னவளுக்கு வெயிலில் நின்று பத்தாவது தடவை சொல்ல வாய் வரவில்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். அது விறகு வெட்டும்போது பட்டதில்லை, அண்ணா. நீ வெட்டியது. வெட்ட வைத்தது நான்.

என்னுடைய எந்தக் கடிதத்தையும் எடுக்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் பழைய கடிதம் மேலே இருக்கிறது, அதற்கு அடியில் இது. இரண்டையும் படித்த பிறகு மற்றதைப் படி.

கை ஆறியதும் மறுபடியும் வருவேன் என்று ரொபாட்டி சொன்னான். வந்துவிட்டானா? அவன் விரலுக்குத் தினமும் எண்ணெய் தடவி நீவிவிட வேண்டுமாம், அவன் அம்மா சொன்னாள். அதை நீ செய். நீவும்போது, உனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடு. அவன் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

உன் தலைவலி எப்படி இருக்கிறது, எழுது.

உன் தங்கை
ஃபியாசிலி